பிளிட்ஸில் 2000 தாண்டிய பிறகு: பலம் எது, ஓட்டை எது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று குமரி மாவட்டம் முழுக்கப் போனில் பிளிட்ஸ் செஸ் (ஆளுக்கு மூன்று, ஐந்து நிமிடம் மட்டும் உள்ள வேக ஆட்டம்) ஆடுகிறவர்கள் இப்போது நிறைய. லிசெஸ், செஸ்.காம் என்ற ஆன்லைன் தளங்களில் வேகமாக ஏறி, 2000-ஐ ஒட்டி வந்ததும் பலருக்கும் ரேட்டிங் (திறமையைக் காட்டும் எண்) அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் நிற்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. காய் நகர்த்தக் கற்கிறவர்களுக்கு எழுதியதல்ல. கட்டங்களை ஏ முதல் எச் வரை தமிழிலேயே எழுதியிருக்கிறோம். காய்கள் நம் ஊர் வழக்கப்படி ராஜா, ராணி, யானை, குதிரை, பிஷப், சிப்பாய்.

ஆன்லைனில் 2100 இருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு ஓபன் போட்டியில் 1500 ரேட்டிங் உள்ள எட்டாம் வகுப்புப் பையனிடம் தோற்றேன். எது நிஜம்?

இரண்டுமே நிஜம். அளவுகோல்தான் வேறு வேறு. லிசெஸில் புதுக் கணக்கு 1500-ல் தொடங்குகிறது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்குக்கு 2024 மார்ச்சிலிருந்து அடிமட்டமே 1400. வருடத்துக்கு நாலைந்து ரேட்டிங் போட்டி மட்டும் ஆடும் பிள்ளைகளின் எண், அவர்கள் ஆட்டத்துக்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். அந்தப் பையனின் 1500-ஐப் பார்த்து ஏமாந்தீர்கள், அவ்வளவுதான்.

நீண்ட ஆட்டமும் பிளிட்ஸும் ஒரே திறமை இல்லை என்பதற்குப் பெரிய சாட்சி குகேஷ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆனபோது, அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் கிளாசிக்கல் ரேட்டிங்கைவிட நூறுக்கும் மேல் குறைவு. உங்களுக்கு அது தலைகீழாக இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதனால் அப்படி என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

சரி, என் பலம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2000 தாண்டிய பிளிட்ஸ் ஆட்டக்காரரைத் தூக்கிப் பிடிப்பவை மூன்று. முதலாவது கண்: கடைசி வரிசை மேட், குதிரையின் இரட்டைத் தாக்கு, கட்டிப்போட்ட காய் எல்லாம் இரண்டு நொடியில் தெரிகிறது. இரண்டாவது மனப்பாடம்: முதல் பத்து நகர்வு யோசிக்காமல் வருகிறது. மூன்றாவது கை: நேரம் குறையும்போது எதிராளியைவிட வேகமாக நகர்த்த முடிகிறது.

மூன்றும் எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்காது. கடைசியாக வென்ற 40 ஆட்டங்களை எடுங்கள். அதில் எதிராளியின் நேரம் முடிந்து கிடைத்த வெற்றிகளைத் தனியே பிரியுங்கள். நேரம் முடிந்த நொடியில் பலகையில் நீங்கள்தான் பின்தங்கியிருந்தீர்களா என்று கம்ப்யூட்டர் மதிப்பீட்டைப் பாருங்கள். 40-ல் பத்துப் பன்னிரண்டு அப்படி என்றால், உங்கள் ரேட்டிங்கைச் சுமப்பது கட்டைவிரல். கெட்ட விஷயம் என்று சொல்லவில்லை, பிளிட்ஸில் கடிகாரமும் ஒரு காய்தான். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு நொடி கூடும் இன்க்ரிமென்ட் வைத்து ஆடுகிற இடத்துக்குப் போனால் அந்தக் காய் செல்லாது.

தோல்விகளை அலசச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் காட்டும் சிவப்புக் குறிகளைப் பார்த்தால் போதாதா?

போதாது. இன்ஜின் எங்கே தப்பு என்று சொல்லும், ஏன் தப்பு என்று சொல்லாது. அதைச் சொல்வது கடிகாரம்.

ஒரு 80 பக்க நோட்டு எடுங்கள். கடைசி 30 தோல்விகள். ஒவ்வொன்றிலும், மதிப்பீடு இரண்டு சிப்பாய் அளவுக்கு மேல் சரிந்த முதல் நகர்வை மட்டும் தேடுங்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாவு வீட்டுச் சடங்கு, அதில் நேரம் போக்க வேண்டாம். அந்த ஒரு நகர்வுக்கு எதிரே நாலு விவரம்: எத்தனையாவது நகர்வு, அப்போது கடிகாரத்தில் மீதி எவ்வளவு, அந்த நகர்வுக்கு எத்தனை நொடி யோசித்தீர்கள், நடந்தது என்ன. இப்படி இருக்கும்:

23-ஆவது நகர்வு / மீதி 1:12 / யோசித்தது 2 நொடி / டி5 யானைக்குக் காவல் போனதைப் பார்க்கவில்லை.

லிசெஸில் ஆட்டத்தைத் திறந்து அலசல் கேட்டால், ஒவ்வொரு நகர்வுக்கும் செலவான நேரம் வரைபடமாகக் கீழே வரும். 30 ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். முடிந்ததும் வரிகள் மூன்று கூட்டமாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தும் இரண்டு நொடியில் செய்த தவறு: இது அவசரப் பழக்கம். அறிவுக் குறை இல்லை. கையை ஒரு நொடி பிடித்து நிறுத்தினால் போதும். எதிராளி நகர்த்தியதும் "இவன் இப்போது எதைத் தாக்குகிறான், எதைக் கைவிட்டான்" என்று ஒரே ஒரு கேள்வி.

இருபது நொடி யோசித்தும் செய்த தவறு: இது கணக்குக் குறை. பிளிட்ஸ் ஆடி இதைச் சரிசெய்யவே முடியாது. மெதுவாகப் புதிர் போட வேண்டும்.

கடிகாரத்தில் 15 நொடிக்குக் கீழே மீதி இருக்கும்போது செய்த தவறு: இந்த நகர்வைத் திட்டிப் பயனில்லை. பின்னோக்கிப் போய், எந்த நகர்வில் 25, 30 நொடியைக் கொட்டினீர்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் 12-க்கும் 18-க்கும் இடையில், ஓப்பனிங் மனப்பாடம் தீர்ந்த இடத்தில் இருக்கும். அதுவும் இரண்டு நல்ல நகர்வுகளுக்கு நடுவே எதை எடுப்பது என்று தவித்த நேரமாக இருக்கும். இரண்டும் நல்லது என்றால் எதை எடுத்தாலும் சரி என்பது அங்கே நினைவுக்கு வராது.

2000-ஐ ஒட்டி நிற்பவர்களுக்கு முதல் கூட்டம்தான் பெரிதாக இருக்கும் என்பது எங்கள் எண்ணம். நோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுங்கள்.

3+0, 3+2, 5+0 இதில் எது ஆடுவது?

முதல் எண் நிமிடம், இரண்டாவது நகர்வுக்குக் கூடும் நொடி. 40 நகர்வு ஆட்டம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 3+0-வில் கையில் 180 நொடி, நகர்வுக்கு நாலரை. 3+2-வில் 260 நொடி, நகர்வுக்கு ஆறரை. 5+0-வில் 300 நொடி, நகர்வுக்கு ஏழரை. உலக பிளிட்ஸ் போட்டி 3+2-வில்தான் நடக்கிறது. திருத்திக்கொள்ள ஆசைப்படுகிறவர் 3+2-வுக்கு மாறுவது நல்லது. வென்ற நிலையை வென்றே காட்ட வேண்டிய கட்டாயம் அங்கே இருக்கிறது.

3+0 விட முடியாதென்றால் நேரத்தைப் பங்கு வையுங்கள்: முதல் பத்து நகர்வுக்கு 25 நொடிக்குள், 11 முதல் 25 வரை 100 நொடி, மிச்சம் 55 நொடி கடைசிக்கு. நடுவிலுள்ள 100 நொடியில் 15 நொடி நீள யோசனை இரண்டுக்குத்தான் இடம் உண்டு. மூன்றாவது யோசனை கடன் வாங்கியது, வட்டி கடைசிக் கட்டமான எண்ட்கேமில்.

ஸ்டாஃபோர்ட் கேம்பிட் ஆடித்தான் 1900 வந்தேன். அதற்குப் பிறகு வேலை செய்யவில்லையே?

வேலை செய்யாது. பொறியில் இரை தின்னும் எலிகள் கீழேயே நின்றுவிட்டன.

பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது, கறுப்பு அடுத்த குதிரையை சி6-ல் வைக்கிறது. வெள்ளை அதை வெட்ட, கறுப்பு டி-சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. கறுப்புக்கு ஒரு சிப்பாய் நட்டம். பதிலுக்கு ராணிக்கும் சி8 பிஷப்புக்கும் வழி திறந்துவிட்டது. ஐந்தாவது நகர்வாக வெள்ளை டி3, கறுப்பு பிஷப் சி5.

இங்கே வெள்ளை ஆசைப்பட்டு பிஷப்பை ஜி5-ல் வைத்துக் குதிரையைக் கட்டினால் ஆட்டம் முடிந்தது. கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டும். வெள்ளை பிஷப் ராணியை எடுத்தால், கறுப்பு பிஷப் எஃப்2-வை வெட்டிச் செக். ராஜாவுக்கு இ2 ஒன்றுதான் வழி. அடுத்த பிஷப் ஜி4-ல் வந்து மேட். ராணியைத் தொடாமல் குதிரையை டி-சிப்பாயால் வெட்டினாலும் அதே எஃப்2 செக். ராஜா பிஷப்பை எடுத்தால் டி1 ராணி போகும்.

ஆறாவது நகர்வில் பிஷப்பை அடக்கமாக இ2-வில் வைத்து, பிறகு சி3, டி4 என்று நடுவைப் பிடிக்கிற எதிராளியிடம் இத்தனை வித்தையும் செல்லாது. ஒரு சிப்பாய் குறைவோடு, கேவலமான சி-சிப்பாய் இரட்டையோடு நீங்கள் 30 நகர்வு ஆட வேண்டும். 2000-க்கு மேல் எல்லோருக்கும் இந்த பிஷப் இ2 தெரியும்.

பொறி ஓப்பனிங்கின் உண்மையான கேடு தோல்வி இல்லை. ஆட்டம் 12 நகர்வில் முடிந்து பழகியதால், 25-ஆவது நகர்வில் என்ன செய்வது என்ற அனுபவமே சேராமல் போகிறது. இ4-க்கு எதிராக ஒன்று, டி4-க்கு எதிராக ஒன்று, வெள்ளையில் ஒன்று என மூன்று நேர்மையான ஓப்பனிங்கை வைத்துக்கொண்டு, ஆறு மாதம் மாற்றாமல் இருங்கள். முதல் மாதம் 80, 100 புள்ளி இறங்கலாம். இறங்கட்டும்.

ப்ரீமூவ் எப்போது பாதுகாப்பு, எப்போது ஆபத்து?

ப்ரீமூவ் என்பது எதிராளி யோசிக்கும்போதே உங்கள் அடுத்த நகர்வை முன்கூட்டிப் பதிந்து வைப்பது. லிசெஸில் ஒரு ப்ரீமூவ்தான் வைக்கலாம், அதற்கு நேரமே கழியாது. செஸ்.காமில் வரிசையாகப் பல வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி கழியும்.

திருப்பி வெட்டும் ப்ரீமூவ் பாதுகாப்பானது. எதிராளி அந்தக் காயை வெட்டாவிட்டால் உங்கள் காயே அந்தக் கட்டத்தில் நிற்கும், ப்ரீமூவ் தானாக ரத்தாகும். ஆபத்து காலிக் கட்டத்துக்கு வைக்கும் ப்ரீமூவில். வெள்ளை முதல் நகர்வே பி3. நீங்கள் ஜி6 போட்டு, வழக்கம்போல் பிஷப் ஜி7 என்று ப்ரீமூவ் வைக்கிறீர்கள். வெள்ளை பிஷப் பி2-வில் வருகிறது. உங்கள் பிஷப் நேரே அதன் வாயில் போய் நிற்கிறது, காவலுக்கு யாரும் இல்லை. பிஷப் போச்சு, அடுத்து எச்8 யானையும் மாட்டியது. இரண்டாவது நகர்வில் மிச்சப்படுத்திய அரை நொடியின் விலை இது.

இன்னொன்று ராணியும் ராஜாவும் ஒற்றை ராஜாவுக்கு எதிராக நிற்கும்போது. மூலையில் எச்8-ல் கறுப்பு ராஜா, உங்கள் ராணி ஜி6-க்கு வந்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியின்றி டிரா). மூலை ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை நிறுத்தாதீர்கள் என்று ஒரே விதியாக நினைவில் வையுங்கள். ஐந்து நொடிக்குக் கீழே இருந்து, கையில் ஏற்கெனவே ஒரு யானையும் இருந்தால், சிப்பாயை ராணியாக்காமல் இரண்டாவது யானையாக்கி ஏணி (இரண்டு யானையும் மாறி மாறிச் செக் கொடுத்து ராஜாவை ஓரத்துக்குத் தள்ளுவது) போடுவது நிதானமான வழி.

எண்ட்கேமில் எதைப் படித்தால் உடனே பலன் தெரியும்?

யானை எண்ட்கேம். மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு நிலை போதும், ஆனால் தூக்கத்தில் கேட்டாலும் கை செய்ய வேண்டும்.

வெல்ல வேண்டியது லூசினா என்ற நிலை. வெள்ளை ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா இ7, யானை எச்2. வெள்ளை ராஜா வெளியே வந்தால் கறுப்பு யானை கீழிருந்து கொடுக்கும் செக் விடாது. அதனால் முதலில் யானை எஃப்4. கறுப்பு யானை எச்1 என்று காத்திருக்கிறது. வெள்ளை யானை இ4 செக், கறுப்பு ராஜா டி7-க்கு விலகுகிறது. இப்போது வெள்ளை ராஜா எஃப்7. கறுப்பு யானை எஃப்1 செக், ராஜா ஜி6. யானை ஜி1 செக், ராஜா எஃப்6. யானை எஃப்1 செக், ராஜா ஜி5. யானை ஜி1 செக் கொடுக்கும்போது உங்கள் யானை இ4-லிருந்து ஜி4-க்கு வந்து குறுக்கே நிற்கும். பாலம் போட்டாயிற்று, சிப்பாய் ராணியாகும். யானையை முதலிலேயே நாலாவது வரிசைக்குக் கொண்டுவந்தது இதற்குத்தான். அதை மறந்து ராஜாவை முதலில் வெளியே எடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

காக்க வேண்டியது ஃபிலிடோர் என்ற நிலை. உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால், யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில். எதிராளியின் ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளிய மறுநொடி, உங்கள் யானை எதிராளி பக்கக் கடைசி வரிசைக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் மேல் செக். தள்ளுவதற்கு முன்பே ஓடினால் ஆபத்து, தள்ளிய பிறகும் அங்கேயே நின்றாலும் தோல்வி.

நண்பரை எதிரே வைத்து, 20 நொடி, இன்க்ரிமென்ட் இல்லாமல், இரண்டு நிலையையும் பத்துப் பத்துத் தடவை. புத்தகத்தில் புரிவது வேறு, 8 நொடி மீதியில் விரல் செய்வது வேறு.

ஒரு சிப்பாயோடு நின்றேன், எதிராளியிடம் ஒற்றைக் குதிரை. என் நேரம் முடிந்தது. ஒரு தளத்தில் டிரா, இன்னொன்றில் தோல்வி. ஏன்?

செஸ்.காமில் நேரம் மீதமுள்ளவரிடம் ஒற்றைக் குதிரையோ ஒற்றை பிஷப்போ மட்டும் இருந்தால் டிரா. லிசெஸ் ஃபிடே விதியின் போக்கில் போகிறது: எவ்வளவு முட்டாள்தனமாக ஆடினாலும் மேட் வர வழி இருக்கிறதா என்று பார்க்கும். உங்களிடம் சிப்பாய் இருந்தால் அப்படி ஒரு வழி உண்டு. அதனால் தோல்வி. லிசெஸில் இப்படி மாட்டும்போது சிப்பாயைக் குதிரைக்குப் பலி கொடுத்துவிடுவது மேல். ஒற்றை ராஜாவை ஒற்றைக் குதிரை மேட் செய்ய முடியாது, டிரா.

மழைக்காலத்தில் நெட் போய்ப் போய்த் தோற்கிறேன்.

ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டும் வாங்குகிற மாவட்டம் இது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு இருந்தால் ஒரு கிளை விழுந்தாலே கரண்ட் போகும். வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு கண நேரத்திலேயே சில மோடம்கள் அணைந்து எழும், திரும்பக் கிடைக்க ஒன்றிரண்டு நிமிடம். 3+0-வில் அது முழு ஆட்டம். மோடத்துக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போதும். வாங்கும்முன் மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். போன் டேட்டாவைத் தயாராக வைத்திருங்கள். இடி இடித்தால் 10+5-க்கு மாறுங்கள். இணைப்பு அறுந்தாலும் உங்கள் கடிகாரம் நிற்காது.

போனா, லேப்டாப்பா?

மவுஸோடு லேப்டாப். போனில் ஆடியே ஆக வேண்டுமென்றால் காய் நகரும் அனிமேஷனை அணைத்துவிடுங்கள், இழுப்பதற்குப் பதில் தொட்டுத் தொட்டு நகர்த்துங்கள். விரல் வழுக்குவது குறையும்.

ஒன்று தோற்றால் வரிசையாக ஏழு தோற்கிறேன்.

வெப்ராளம் பிடித்து ஆடினால் அப்படித்தான். எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும்: எதிராளியைவிட 200 புள்ளி மேலே இருப்பவருக்கே எதிர்பார்ப்பு 76 சதவீதம்தான், 100 மேலே என்றால் 64. இரண்டு தொடர் தோல்வி வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் மூன்றாவதை இரவு 11:40 மணிக்குத் தொடங்குவதில். இரண்டு தொடர்ந்து தோற்றால் பத்து நிமிடம் எழுந்து நடங்கள், ஒரு நாளைக்கு 12 ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். உங்களை வென்றவனிடமே 'மறு ஆட்டம்' கேட்பதை அறவே விடுங்கள்.

நேரில் பிளிட்ஸ் போட்டிக்குப் போகிறேன். ஆன்லைன் பழக்கத்தில் எது உதைக்கும்?

நிறைய. ஃபிடே விதியில் பிளிட்ஸில் முதல் தவறான நகர்வுக்கு எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடும், இரண்டாவதுக்கு ஆட்டமே போகும். ஆன்லைனில் தவறான நகர்வை மென்பொருள் தடுத்துவிடுவதால், செக்கைக் கவனிக்காமல் நகர்த்தும் பழக்கம் உங்களுக்கே தெரியாமல் இருக்கும்.

கேஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொடுங்கள். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. கேஸ்லிங், வெட்டு, சிப்பாய் மாற்றம் எதையும் இரண்டு கையால் செய்து கடிகாரத்தை அழுத்தினால் தவறான நகர்வாகக் கணக்கு. நகர்த்திய கையாலேயே அழுத்த வேண்டும். சிப்பாயைக் கடைசி வரிசையில் வைத்து, ராணியை மாற்றாமல் கடிகாரத்தை அடித்தாலும் அதே தண்டனை. ராணி கையில் இல்லையென்று யானையைத் தலைகீழாக வைத்தால் அது யானைதான். கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேளுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு கண். தட்டையான திரையில் பழகிய கண்ணுக்கு, உயரமான காய்களுக்குப் பின்னால் நிற்கும் தூரத்து பிஷப் தெரியாது. போட்டிக்கு முந்தைய பத்து நாள், ஆன்லைன் புதிர்களை நிஜப் பலகையில் அடுக்கி வைத்துப் போடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உண்டு. எப்படிப் பிரிப்பது?

20 நிமிடம் மெதுப் புதிர்: ஐந்தாறு போதும், முழு வரிசையையும் மனதில் முடித்த பிறகே முதல் நகர்வு. 25 நிமிடம் 3+2, நாலு ஆட்டம். 15 நிமிடம் அன்றைய தோல்விகளுக்கு நோட்டில் ஒரு வரி. ஞாயிறன்று பிளிட்ஸ் வேண்டாம், ஒரு 15+10. பழைய 30 வரி நோட்டை மூன்று மாதம் கழித்துப் புது 30 வரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2 நொடித் தவறுகள் பாதியாகக் குறைந்திருந்தால் ரேட்டிங் ஏறாவிட்டாலும் அதே திட்டத்தில் இருங்கள். குறையவில்லை என்றால் பிளிட்ஸை நாலிலிருந்து இரண்டு ஆட்டமாக்குங்கள்.